அண்ணா சாலையின் பழைய ஒளிப்படங்கள்: காலம் கணித்தல்

சென்னை அண்ணா சாலை, அதாவது பழைய மவுண்ட் ரோடு, தமிழகத்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட தெருக்களில் ஒன்று. ஐரோப்பியர் நடத்திய நிழற்படக் கூடங்களும் அஞ்சலட்டை வெளியீட்டாளர்களும் செய்தித்தாள்களும் இச்சாலையின் படங்களை விட்டுச் சென்றுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தேதி இல்லை. இருப்பவற்றிலும் அது பிற்காலத்தில் எவரோ எழுதிச் சேர்த்ததாக இருக்கலாம். எனவே காலத்தைப் படத்துக்குள்ளிருந்தே கண்டுபிடிக்க வேண்டியுள்ளது.

இதன் அடிப்படை தொல்லியலாளர் பின்பற்றும் முறைதான். அகழாய்வில் ஒரு மண்ணடுக்கில் காசு கிடைத்தால், அந்த அடுக்கு அக்காசு அச்சிடப்பட்ட பிறகு உருவானது என்று மட்டுமே சொல்லலாம். எத்தனை ஆண்டு கழித்து என்பதை அந்தக் காசு சொல்லாது. ஒளிப்படத்தில் காணப்படும் கட்டடம், வண்டி, சிலை ஆகியவையும் அப்படியே. ஒன்று 'இதற்குப் பின்' என்கிறது, இன்னொன்று 'இதற்கு முன்' என்கிறது. இரண்டையும் சொல்லும் பொருள்களே, அதாவது வந்து பின் மறைந்த பொருள்களே, மிகவும் பயன்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, தீவுத்திடல் அருகே குதிரைமீது அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோவின் சிலை 1839 முதல் அங்கேயே இருக்கிறது. படத்தில் அது தெரிந்தால் இடம் உறுதியாகும். காலம் சிறிதும் குறுகாது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையின் இப்போதைய கட்டடம் 1904-ஐச் சேர்ந்தது. அது கீழ் எல்லையை மட்டும் தருகிறது. மின்சார டிராம் இன்னும் உதவியானது. 1895 மே மாதம் ஓடத் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றது. ஓடும் டிராம் படத்தில் இருந்தால் இரு எல்லைகளும் ஒருசேரக் கிடைக்கின்றன. வெறும் தண்டவாளத்துக்கு இந்த வலிமை கிடையாது. வண்டி நின்ற பிறகும் இரும்பு தரையில் கிடந்திருக்கலாம். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் 14 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது 1959-இல். ஆகவே ஓடும் டிராமையும் முடிவுற்ற எல்.ஐ.சி. கட்டடத்தையும் ஒன்றாகக் காட்டும் படம் இருந்தால் அது ஒட்டுவேலை என்று தயங்காமல் சொல்லலாம்.

சிலைகள்

இச்சாலையில் சிலைகள் வந்ததும் போனதும் அரசியல் வரலாறு. ஸ்பென்சர் நிறுவனத்துக்கு எதிரே ஜேம்ஸ் நீல் என்ற படைத்தலைவனின் வெண்கலச் சிலை நின்றது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடிய பழிவாங்கலை நடத்தி, அதே ஆண்டு லக்னோவில் கொல்லப்பட்டவன் நீல். 1860-களின் தொடக்கத்திலிருந்து மவுண்ட் ரோட்டின் முக்கிய அடையாளங்களில் ஒன்றாக இருந்த அச்சிலையை நீக்கக் கோரி 1927-இல் காங்கிரஸ் தொண்டர்கள் போராடிச் சிறை சென்றனர். ராஜாஜி தலைமையிலான அமைச்சரவை பதவிக்கு வந்த 1937-இல் சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது. இப்போது அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நீல் சிலை நிற்கும் ஒரு படத்தின் கீழே 'மவுண்ட் ரோடு, 1947' என்று யாராவது எழுதினால், தவறு பத்து ஆண்டுதானே என்று விட்டுவிட முடியாது. வெள்ளையர் கப்பலேறும் நாள்வரை சிலை அப்படியே நின்றது என்ற பொய்யான வரலாற்றை அக்குறிப்பு உண்டாக்கிவிடும். சிறை சென்றவர்களின் போராட்டமும் அதன் பலனும் ஒரே எண்ணில் மறைந்துபோகும். படத்துக்குக் காலம் கணிப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இச்சாலையில் இல்லை.

பிற்காலப் படங்களுக்கும் இத்தகைய அடையாளங்கள் உண்டு. அண்ணாவின் சிலை 1968 சனவரியில், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பட்டது. மு. கருணாநிதியின் சிலை ஒன்று 1975-இல் இச்சாலையில் எழுந்து, எம்.ஜி.ஆர். மறைந்த 1987 டிசம்பர் 24 அன்று கூட்டத்தினரால் உடைக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டு நின்ற சிலை என்பதால், படத்தின் காலத்தைக் கணிக்க அது பெரிதும் உதவுகிறது.

எழுத்து

தமிழ்நாட்டுத் தெருப்படங்களுக்கு இன்னொரு தடயமும் உண்டு: பெயர்ப்பலகைகளில் உள்ள எழுத்து வடிவம். 1978 அக்டோபரில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதுவரை ணை, லை, ளை, னை ஆகியவை கொம்பு மேலேறி வளைந்த வடிவிலும், ணா, றா, னா போன்றவை கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சுழிந்த வடிவிலும் எழுதப்பட்டன.

தற்செயலாக, 'அண்ணா சாலை' என்ற பெயரிலேயே மாறிய எழுத்துகள் இரண்டு உள்ளன: ணா, லை. மவுண்ட் ரோட்டுக்கு இந்தப் பெயர் வந்தது 1969-இல் அண்ணா மறைந்த பிறகு. ஆகவே கடைப்பலகை ஒன்றில் இப்பெயர் பழைய எழுத்தில் இருந்தால், அந்தப் பலகை பெரும்பாலும் 1969-க்கும் 1978-க்கும் இடையில் எழுதப்பட்டது எனலாம். 'பெரும்பாலும்' என்ற சொல் தேவைப்படுகிறது. பலகை எழுதும் ஓவியரின் கைப்பழக்கம் அரசாணை வந்த மறுநாளே மாறிவிடாது. மறுபக்கம், பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புதிய வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார். எனவே திராவிட இயக்கத்தாரின் சுவரெழுத்துகளில் புதிய எழுத்து 1978-க்கு முன்பே தென்படலாம். மேலும் இக்கணக்கு பலகையின் வயதையே சொல்கிறது, படத்தின் வயதை அல்ல. நல்ல எனாமல் பலகை முப்பது ஆண்டுகூடத் தொங்கும்.

முகவரியின் கடைசி எண்ணும் கவனிக்கத்தக்கது. அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 'சென்னை-2' என்று மட்டும் எழுதிய கடைகள் அதன்பின் '600 002' என எழுதத் தொடங்கின.

பெயர்ப்பலகையைவிடச் சுவரொட்டியின் ஆயுள் குறைவு. ஆகையால் சான்றாக அதன் மதிப்பு கூடுதல். மழையோ அடுத்த சுவரொட்டியோ அதை விரைவில் மறைத்துவிடும். ஆனால் படம் எத்தனை நாள் ஓடியது என்றும் பார்க்க வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் விளம்பரம் தெரியும் படத்தை 1944 என்று முடிவுகட்ட இயலாது.

அஞ்சலட்டையும் ஆளில்லாத தெருவும்

அஞ்சலட்டைப் படங்களில் தேடுவோர் முதலில் பார்ப்பது அஞ்சல் முத்திரையை. ஏழாம் எட்வர்டு தலை பொறித்த அஞ்சல்தலையில் 1908 முத்திரை இருந்தால், படம் அந்த முத்திரை நாளுக்கு முன் எடுக்கப்பட்டது என்பது உறுதி. 1908-இல் எடுக்கப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. வெளியீட்டாளர்கள் பழைய கண்ணாடித் தகடுகளிலிருந்தே ஆண்டுக்கணக்கில் அட்டை அச்சிட்டனர். வண்ணம் இருப்பதும் புதுமைக்கு அறிகுறி அல்ல. 1850-களின் தொடக்கத்தில் பிரெடரிக் ஃபீபிக் எடுத்த சென்னைப் படங்களே கையால் வண்ணம் தீட்டப்பட்டவைதான்.

பழைய படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடப்பதைக் கண்டு 'அந்தக் காலச் சென்னையில் நெரிசலே இல்லை' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. தொடக்ககால ஒளிப்படத்துக்கு நீண்ட ஒளிபடு நேரம் தேவைப்பட்டது, அசைந்தவர்கள் பதியவில்லை. டாகேர் பாரிசின் புல்வார் டு டாம்பிள் தெருவை 1838 வாக்கில் எடுத்த படத்தில் காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற மனிதரும் மெருகிடுபவரும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றனர். அது பரபரப்பான தெரு. விரைவாகப் பதியும் உலர்தகடுகள் 1880-களில் பரவிய பின்னரே நடமாடும் கூட்டம் படங்களில் இயல்பாக இடம்பெற்றது. எனவே சென்னைப் படம் ஒன்றில் சாலை காலியாக இருப்பதும், ஆங்காங்கே புகைபோன்ற தீற்றல்கள் தெரிவதும் எடுத்த முறையைப் பற்றிச் சொல்லுமே தவிர, மக்கள்தொகையைப் பற்றிச் சொல்லாது.

நிழல்

ஆண்டு கிடைத்த பின் மாதத்தையும் ஓரளவு நெருங்கலாம். சென்னை வட அகலாங்கு 13 பாகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. இவ்விரு நாள்களுக்கு இடைப்பட்ட மாதங்களில் உச்சிவேளை நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் வடக்கே விழும். ஐரோப்பிய நகரங்களில் நண்பகல் நிழல் எப்போதும் வடக்கேதான் விழுவதால், இந்த வாய்ப்பு அங்கு இல்லை. அடையாளம் தெரிந்த கட்டடத்தைக் கொண்டு திசையை முதலில் உறுதிசெய்ய வேண்டும். படம் இடவலம் மாறி அச்சாகியிருந்தால் இக்கணக்கு முழுவதும் தலைகீழாகும். பெயர்ப்பலகையின் எழுத்தைப் படித்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் முடிவு ஒற்றை ஆண்டாக அமைவது அரிது. '1904-க்குப் பின், 1953-க்கு முன்; ஹிக்கின்பாதம்ஸ் கட்டடமும் ஓடும் டிராமும் உள்ளன' என்று காரணத்தோடு குறிப்பதே முறை. அப்போதுதான் வேறொரு தடயத்தைக் கண்டவர் அந்த இடைவெளியை மேலும் சுருக்க முடியும். படத்தை மின்வருடும்போது பின்புறத்தையும் சேர்த்து வருடி வைக்க வேண்டும். நிழற்படக் கூடத்தின் முத்திரையும் பென்சில் குறிப்பும் அஞ்சல்தலையும் அங்கேதான் இருக்கும்.