மஞ்சம் குப்பையான வரலாறு

மனிதருக்கு உயர்வும் தாழ்வும் உண்டாவது போலச் சொற்களுக்கும் உண்டு. ‘நாற்றம்’ என்னும் தமிழ்ச்சொல் முன்னர் நறுமணத்தைக் குறித்து, பின்னர்த் தீமணத்தைக் குறிக்கலாயிற்று என்பதை நாம் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். ஆங்கிலத்திலும் இவ்வாறு தாழ்வுற்ற சொற்கள் பல. வீதியிற் சிதறிக்கிடக்கும் கடதாசி, பழத்தோல் முதலியவற்றை ஆங்கிலேயர் ‘லிற்றர்’ என்பர். அச்சொல்லின் வரலாற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு மூலம் ‘லெக்துஸ்’ என்னும் இலத்தீன் சொல். படுக்கை என்பது அதன் பொருள். அதிற் பிறந்த ‘லெக்தீக்கா’ என்பது உரோமச் செல்வர் சாய்ந்திருந்து செல்ல, அடிமைகள் தோளிற் சுமந்த சிவிகையாகும். அதன் ஆடம்பரம் பெருகவே, குறித்த சிலரே குறித்த நாட்களில் அதனைப் பயன்படுத்தலாம் என யூலியஸ் சீசர் கட்டுப்பாடு விதித்தார். பேச்சாளர் சிசெரோ கி. மு. 43இல் வெட்டுண்டு மாண்டதும் இத்தகைய சிவிகையிற் செல்லும்போதே.

1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் பல ஆங்கிலத்திற் புகுந்தன. லிற்றரும் அவ்வழி வந்ததே. 14ஆம் நூற்றாண்டில் அது படுக்கையையும் சிவிகையையும் குறித்தது. 15ஆம் நூற்றாண்டில், கால்நடைகளுக்குத் தொழுவத்திற் பரப்பிய வைக்கோலும் அப்பெயர் பெற்றது. மிருகங்கள் ஓர் ஈற்றில் ஈன்ற குட்டிகளுக்கும் அதுவே பெயராயிற்று. பரப்பிய வைக்கோல் கலைந்தால் இடம் அலங்கோலமாகுமன்றோ? ஆதலால் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஒழுங்கின்றிச் சிதறிய எப்பொருளையும் அச்சொல் குறிக்கலாயிற்று. ‘லிற்றரேச்சர்’ என்னும் சொல்லை இதற்கு உறவெனக் கொள்ளலாகாது. அது எழுத்தைக் குறிக்கும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழியது.

பிரித்தானியாவிலே 1954இல் மாதர் சங்கங்களின் கூட்டமைப்பு, நாட்டைத் துப்புரவாக வைத்திருக்க ஓர் இயக்கம் வேண்டுமெனத் தீர்மானித்தது. 1958இல் பாராளுமன்றம் ‘லிற்றர்ச் சட்டம்’ இயற்றி, பொது இடத்திற் குப்பை போடுவோருக்குப் பத்துப் பவுண் வரை தண்டம் விதித்தது. மன்னரும் செல்வரும் ஏறிய மஞ்சத்தின் பெயர் இவ்வாறு குற்றத்தின் பெயராயிற்று.

எனினும் பழைய பொருள்கள் முற்றாக மறையவில்லை. காட்டிலே உதிர்ந்து மண்ணுக்கு உரமாகும் இலைப்படுகையை விஞ்ஞானிகள் இன்றும் லிற்றர் என்பர். தொழுவத்து வைக்கோலுக்கும் அதுவே பெயர். அவை இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதாற் பயன் தருகின்றன. வீதியிற் கிடப்பதோ எவரும் பொறுப்பேற்காமல் எறிந்தது. இடம் தவறியதும் பொறுப்பற்றதுமே ஒரு பொருளைக் குப்பையாக்குகின்றன என்பது இச்சொல் புகட்டும் பாடம். நம் கையிலுள்ள கடதாசியும் நாம் அதனைக் கீழே விடும் கணத்திலேதான் குப்பையாகிறது. தண்டம் விதித்துத் திருத்தும் நிலை நமக்கு வரவேண்டாம். கூட்டம் முடிந்ததும் அவ்விடத்தைத் துப்புரவாக்கிய பின்னரே கலைவது என இளைஞராகிய நாம் இன்றே உறுதிகொள்வோமாக.