பெரிய சுருட்டுச் சேகரிப்புக்கு மின்சார ஹியூமிடோர்: ஜொகூர் வானிலைக்கு எது தாங்கும்?

சுருட்டு காய்ந்தால் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஹியூமிடோர் என்றாலே ஈரத்தைக் கூட்டித் தரும் பெட்டி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டுக்கு அது சரி. அங்கே காற்று வறண்டு, சுருட்டின் மேலிலை வெடித்துவிடும். ஆனால் ஜொகூரில் பிரச்சினை தலைகீழாக இருக்கிறது. இங்கே சுருட்டைக் கெடுப்பது அதிக ஈரம், அதோடு சேர்ந்த வெப்பம்.

பண்டார் தெங்காராவையே எடுத்துக்கொள்வோம். கூலாய் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, ஜொகூர் தெங்காரா மேம்பாட்டு வாரியமான கெஜோரா உருவாக்கிய நகரம் அது. கடற்காற்று எட்டாத உள்நாட்டுப் பகுதி. பிற்பகலில் 32 பாகை வெயில், மாலையில் இடி மழை, இரவில் சுவரெல்லாம் பிசுபிசுப்பு. காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கேட்கவே வேண்டாம்.

இப்படிப்பட்ட ஊரில் ஐந்நூறு, ஆயிரம் சுருட்டுகளைப் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர் வாங்கும் அலமாரி, குளிர்நாட்டுக்காரர் வாங்குவதைப் போல இருக்க முடியாது. கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "இந்தப் பெட்டி ஈரத்தைக் குறைக்குமா, இல்ல கூட்ட மட்டும்தானா?" விற்பனையாளர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்றால், கூட்ட மட்டும்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சின்னக் கணக்கு

27 பாகை செல்சியஸ், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 20 கிராம் நீராவி இருக்கும். அலமாரிக்குள் நமக்குத் தேவை 18 பாகை, 65 விழுக்காடு. அந்த நிலையில் காற்று வைத்திருக்கக்கூடியது சுமார் 10 கிராம்தான். அதாவது, கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் தேவையைப் போல இரண்டு மடங்கு நீர் உள்ளே நுழைகிறது. மீதிப் பாதி எங்காவது போயாக வேண்டும். இயந்திரம் அதை வெளியேற்றாவிட்டால் அது சுருட்டுக்குள் இறங்கும், அல்லது பின்சுவரில் துளித்துளியாக வழியும்.

ஏர்கான் ஓடும் அறையில் நிலைமை வேறு. 24 பாகை, 55 விழுக்காடு காற்றில் நீராவி 12 கிராம்தான். ஆகவே காசு செலவில்லாத ஒரு யோசனை: அலமாரியை ஏர்கான் இருக்கும் அறையில் வையுங்கள்; அது அரை மணி நேரமாவது ஓடிய பிறகே கதவைத் திறங்கள். நண்பர்கள் வந்த நேரத்தில் வாசல் கதவும் திறந்து, அலமாரியும் திறந்து கிடப்பதுதான் மோசம்.

வெப்பம் ஏன் இவ்வளவு முக்கியம்?

பூச்சி. சமையலறையில் மல்லித் தூள், மிளகாய், மஞ்சள் டப்பாவைப் பல மாதம் கழித்துத் திறந்தால் சின்னதாய்ப் பழுப்பு நிற வண்டு ஒன்று ஊர்ந்து வருமே, பெரும்பாலும் அதுதான். லாசியோடெர்மா செரிகோர்னே என்பது அதன் அறிவியல் பெயர். புகையிலை வண்டு என்றும் சொல்வார்கள். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். முட்டைகள் புகையிலையோடு சேர்ந்தே வந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. 30 பாகையை ஒட்டிய வெப்பம் அதற்குக் கொண்டாட்டம். சுருட்டில் ஊசியால் குத்தியது போல ஓட்டை தெரியும்போது, பக்கத்துப் பெட்டிக்கும் அது போயிருக்க வாய்ப்பு அதிகம். 18 பாகையை ஒட்டி வைத்தால் அதன் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும்.

அதனால் புதிதாக வரும் பெட்டிகளை நேராக அலமாரியில் அடுக்காமல், காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் சில நாட்கள் வைப்பது பலரின் வழக்கம். எடுக்கும்போது அவசரம் கூடாது. உறைபெட்டியிலிருந்து ஒரு நாள் சாதாரணக் குளிர்பெட்டிக்கு, அப்புறம்தான் வெளியே. பை முழுவதும் அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்கவே கூடாது. பிரித்தால் சுருட்டின் மேலேயே நீர் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று பூஞ்சணம். ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டி, வெப்பமும் கூடினால் வெள்ளைப் பொடியாகப் படரும். "பழசாகிப் பூத்திருக்கு, இதுதான் தரம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பூஞ்சணம்தான்.

பெல்டியரா, கம்ப்ரஸரா?

சந்தையில் உள்ள அலமாரிகளைக் குளிரூட்டும் முறையை வைத்து இரண்டாகப் பிரிக்கலாம். பெல்டியர் எனப்படும் மின்வெப்ப முறையில் கம்ப்ரஸர் இல்லை, சத்தமும் அதிர்வும் இல்லை, விலையும் குறைவு. ஆனால் அது அறை வெப்பத்திலிருந்து ஓரளவுக்குத்தான் கீழே இறக்கும். அறை 24 பாகையில் இருந்தால் 18 எளிது. ஏர்கான் இல்லாத அறை பிற்பகலில் 32-ஐத் தொட்டால், பெரிய அலமாரியில் பெல்டியர் நாள் முழுக்க மூச்சு வாங்க ஓடியும் அந்த இடத்தை எட்டாமல் போகலாம். பண்டார் தெங்காரா போன்ற இடத்தில் இரவில் மட்டும் ஏர்கான் போடும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்ப்ரஸர், வீட்டுக் குளிர்பெட்டியில் இருப்பதே. வெயிலுக்கு அசராது. ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. ஓடும்போது உள்ளே இருக்கும் குளிர்த்தகட்டில் நீர் படிந்து, ஈரப்பதம் சட்டென்று இறங்கும். நின்றதும் மறுபடி ஏறும். 55-க்கும் 75-க்கும் நடுவே ஊஞ்சல் ஆடும் மலிவான மாதிரிகள் உண்டு. நல்ல மாதிரியில் படிந்த நீர் தனி வடிகாலில் வெளியே போகும், தேவையான ஈரத்தைத் தண்ணீர்த் தொட்டியும் விசிறியும் திருப்பித் தரும். இரண்டு வேலையும் சேர்ந்து நடந்தால்தான் அது முழுமையான ஹியூமிடோர்.

பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைக் குனிந்து படியுங்கள். குளிர்சாதனங்களுக்கு வானிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். 'என்' என்றால் 16 முதல் 32 பாகை வரையுள்ள அறைக்கு; 'எஸ்டி' என்றால் 38 வரை; 'டி' என்றால் 43 வரை. நம் ஊருக்கு 'எஸ்டி' அல்லது 'டி'. வெறும் 'என்' போட்டதை வாங்கிவிட்டு அப்புறம் கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அதே தகட்டில் மின்னழுத்தத்தையும் பாருங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கான அலமாரிகள் 110 முதல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் ஓடுபவை. மின்மாற்றி வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. சிரிம் முத்திரையும் மூன்று முள் பிளக்கும் இருக்கட்டும்.

ஆயிரம் சுருட்டு கொள்ளும் என்றால் உண்மையிலேயே கொள்ளுமா?

கொள்ளும், தீப்பெட்டிக் குச்சி போல இடைவெளி இல்லாமல் அடுக்கினால். ரொபுஸ்டோ அளவுச் சுருட்டு ஒன்று ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தடிமன், 12.4 சென்டிமீட்டர் நீளம். ஆயிரத்தை நெருக்கி அடுக்கினால் 50 லிட்டர் இடம் போதும். ஆனால் யாரும் அப்படி வைப்பதில்லை. மரப்பெட்டி, தட்டு, காற்று போய்வர இடைவெளி எல்லாம் சேர்த்தால் அதைப் போல மூன்று மடங்காவது வேண்டும். விளம்பரத்தில் எழுதியிருக்கும் எண்ணிக்கையில் பாதியைத்தான் உண்மையான கொள்ளளவாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் மிகப் பெரிதாகவும் வேண்டாம். சுருட்டே ஈரத்தை உறிஞ்சி, வெளியிட்டு, ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிறது. முக்கால் நிறைந்த அலமாரி நிலையாக இருக்கும். காலியான அலமாரிதான் அலைபாயும்.

உள்ளே இருக்கும் மரத்தை 'ஸ்பானிஷ் சிடார்' என்பார்கள். அது ஸ்பெயினிலிருந்து வருவதும் இல்லை, உண்மையான சிடாரும் இல்லை. செட்ரெலா ஓடொராட்டா என்ற அமெரிக்க வெப்பமண்டல மரம். வேப்பமரக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மவர்கள் சந்தன வேம்பு என்றும் மலாய்க்காரர்கள் சுரியான் என்றும் சொல்லும் மரங்கள் இதற்கு நெருங்கிய உறவு. தட்டுகள் மட்டும் இந்த மரம், சுவரெல்லாம் பிளாஸ்டிக் என்றால் அதில் தவறில்லை. கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பசை வாசமோ பிளாஸ்டிக் வாசமோ தூக்கலாக வந்தால் விட்டுவிடுங்கள். அந்த வாசம் சுருட்டில் ஏறினால் போகவே போகாது.

தாத்தா காலத்தில் அலமாரியா இருந்தது?

இந்தக் கேள்வி நம் வீடுகளில் நிச்சயம் வரும். திண்டுக்கல், உறையூர், யாழ்ப்பாணம் என்று சுருட்டுக்குப் பேர்போன ஊர்கள் நம்முடையவை. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலையாளியைப் பற்றிய துப்புகளில் ஒன்று திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல். ஆனால் அந்தச் சுருட்டுகள் கட்டாக வாங்கி, சில நாட்களில் தீர்ந்துவிடுபவை. தோட்டத்துப் பெரியவர்கள் அதை மடியில் வைத்திருந்தார்கள். பத்து ஆண்டுகள் பழுக்க வைக்கவில்லை. வைத்திருந்தால் வண்டுதான் தின்றிருக்கும்.

இன்றைய இறக்குமதிச் சுருட்டின் கணக்கு வேறு. 2025 நவம்பர் 1 முதல் மலேசியாவில் சுருட்டுக்கான கலால் வரி கிலோவுக்கு 40 ரிங்கிட் கூடியது. பொதுச் சுகாதாரத்திற்கான புகைபிடித்தல் பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், அதாவது சட்டம் 852, 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதும், இணையம் வழி விற்பதும் அதன்படி குற்றம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பூட்டு இல்லாத அலமாரியை வாங்கவே வேண்டாம். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்பதால் பாதிப்பில்லை என்ற பேச்சும் தவறு. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு அது காரணமாகிறது. எவ்வளவு நல்ல அலமாரியில் வைத்தாலும் அது மாறாது.

குறைந்த செலவில் வழி உண்டா?

உண்டு, சொல்லப்போனால் பலருக்கு இதுவே போதும். கம்ப்ரஸர் உள்ள சாதாரண வைன் குளிர்பெட்டியை 18 பாகையில் வைத்து, அதற்குள் காற்றுப் புகாத உணவுத்தரப் பிளாஸ்டிக் பெட்டிகளில் சுருட்டுகளைப் போடுவது. ஒவ்வொரு பெட்டியிலும் 65 விழுக்காட்டு இருவழி ஈரப்பதப் பைகள். 25 சுருட்டுக்கு ஒரு 60 கிராம் பை என்பது கணக்கு. வெப்பத்தை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், ஈரத்தைப் பை பார்த்துக்கொள்ளும். குளிர்பெட்டிக்குள் ஈரப்பதம் ஊஞ்சலாடினாலும் மூடிய பெட்டிக்குள் அது எட்டாது. கண்ணாடிக் கதவு வழியாக விருந்தினருக்குக் காட்டும் அழகு இருக்காது, அவ்வளவுதான்.

வாங்கிய பிறகு

அலமாரியின் திரையில் தெரியும் எண்ணை நம்பிவிடாதீர்கள். தனியாக மூன்று சிறிய ஈரப்பதமானிகளை வாங்கி மேல்தட்டு, நடு, கீழ்த்தட்டில் வையுங்கள். அதற்கு முன் அவற்றைச் சோதித்துக்கொள்ளலாம்: ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் அது எப்போதும் 4 கூட்டிச் சொல்கிறது என்று பொருள். மேலுக்கும் கீழுக்கும் 5 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் விசிறி போதவில்லை, அல்லது தட்டுகள் காற்றை மறைக்கின்றன.

தொட்டிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள தாதுக்கள் படிந்து ஈரமூட்டியை அடைத்துவிடும். ஏர்கானிலிருந்து சொட்டும் தண்ணீரும் வடித்த தண்ணீர்தானே என்று சிலர் பிடித்து ஊற்றுகிறார்கள். அதில் தூசியும் பூஞ்சணமும் கலந்திருக்கும்.

கடைசியாக மின்சாரம். 80 வாட் அலமாரி நாளுக்குப் பாதி நேரம் ஓடினால் மாதம் 29 யூனிட் அளவு செலவாகும், அது பெரிதில்லை. பெரிது, இடி. தீபகற்ப மலேசியா உலகிலேயே மின்னல் அதிகம் விழும் பகுதிகளில் ஒன்று. ஒரு வெட்டில் மின்னணுப் பலகை போய்விடும். மின்னெழுச்சித் தடுப்பான் உள்ள இணைப்பில்தான் சொருக வேண்டும். வீட்டில் ஆள் இல்லாத நேரம் மின்கசிவு சுவிட்ச் விழுந்து கிடந்தால் இரண்டே நாளில் உள்ளே 28 பாகை ஆகிவிடும். பெருநாளுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இதைக் கடையிலேயே ஒரு முறை சோதித்துப் பார்த்துவிடலாம். வெப்பத்தை 18-க்கும், ஈரப்பதத்தை 65-க்கும் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி சொருகச் சொல்லுங்கள். நீங்கள் வைத்த எண்களோடு அது தானாக எழுந்தால் வாங்கலாம். ஆலை வைத்த எண்ணுக்குத் திரும்பினாலோ, யாராவது வந்து பொத்தானை அழுத்தட்டும் என்று காத்திருந்தாலோ, ஒவ்வொரு மாலை மழைக்கும் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும்.