முசாக்காவின் வெண்படலம்: ஒரு கிரேக்க உணவு உருவான வரலாறு

வறுத்த கத்தரிக்காயையும் கொத்துக்கறியையும் அடுக்கடுக்காகப் பரப்பி, மேலே பெஷமெல் என்னும் வெண்சாறு ஊற்றி ஓவனில் சுட்டெடுப்பதே உலகம் அறிந்த கிரேக்க முசாக்கா. அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு ஓயாததற்குக் காரணம், பெயரின் வரலாறும் காயின் வரலாறும் வடிவத்தின் வரலாறும் ஒன்றாகக் குழம்பிக் கிடப்பதே. பெயரும் காயும் கிழக்கிலிருந்து வந்தவை; முசாக்காவைக் கிரேக்கத்தின் அடையாளமாக்கிய மேற்படலத்துக்கோ வயது ஏறத்தாழ நூறாண்டுதான்.

கிரேக்கச் சொல்லான 'முசகாஸ்', துருக்கியின் 'முசக்கா' வழியே அரபு மூலத்துக்கு இட்டுச் செல்கிறது. இந்தியாவில் நெடுங்காலமாகப் பயிராகிவந்த கத்தரியைப் பண்டைக் கிரேக்கர் அறியார். பாரசீக, அரபு நிலங்களைக் கடந்தே அது மத்தியதரைக் கடலோரம் சேர்ந்தது. 1226-இல் அல்-பக்தாதி தொகுத்த சமையல் நூலில் கத்தரிக்காயை இறைச்சியோடு சமைக்கும் முறைகள் உள்ளன. அப்படியானால் முசாக்கா அரபு உணவுதானே எனலாம். அந்த முடிவு அவசரமானது. லெபனானில் இன்று இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த உணவு கொண்டைக்கடலையும் தக்காளியும் சேர்த்து, இறைச்சியின்றி, ஆறவைத்து உண்ணப்படுகிறது. தக்காளியோ அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த காய். ஆகவே அந்த வடிவமும் 16-ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

வடிவம் இடத்துக்கு இடம் மாறியதையே வட்டார வேறுபாடுகளும் உறுதிசெய்கின்றன. துருக்கியில் அடுக்கு இல்லை. கத்தரிக்காய், மிளகாய், தக்காளி, கொத்துக்கறி சேர்ந்த குழம்பாக அது சோற்றோடு பரிமாறப்படுகிறது. பல்கேரியாவிலும் செர்பியாவிலும் கத்தரியின் இடத்தை உருளைக்கிழங்கு பிடித்துக்கொண்டது. பல்கேரியர் மேலே தயிரும் முட்டையும் கலந்து ஊற்றுகிறார்கள். அந்தந்த மண்ணில் கிடைத்ததும் மக்கள் நாவுக்குப் பழகியதுமே வடிவத்தைத் தீர்மானித்திருக்கின்றன.

வெண்ணெயில் மாவை வறுத்துப் பாலூற்றிக் காய்ச்சும் பிரெஞ்சு முறையை முசாக்காவின் தலையில் ஏற்றியவர் நிக்கோலாஸ் செலமெந்தெஸ் (1878–1958). வியன்னாவில் தொழில் கற்ற இச்சமையற்கலைஞர், 1920-களில் தம் எழுத்தின் வழியே கிரேக்கச் சமையலிலிருந்து துருக்கியச் சாயலைக் களைய முயன்றார். ஆசியா மைனரில் துருக்கியரிடம் கிரேக்கம் தோற்றதற்கும், 1923-இல் இரு நாடுகளும் மக்களைப் பரிமாறிக்கொண்டதற்கும் பின், தாம் யார் என்று கிரேக்கர் தேடிய பத்தாண்டு அது. பிரெஞ்சுச் சமையலின் வேரே பண்டைக் கிரேக்கம் என்று அவர் வாதிட்டார். அதற்கு வலுவான சான்று இல்லை. ஒரு தனிமனிதர் நாட்டின் சுவையையே மாற்ற முடியுமா என்ற ஐயம் எழலாம். அவர் பெயரே கிரேக்க மொழியில் சமையல் நூலைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது என்பது அதற்கு விடை. பல்கேரியாவின் தயிர்ப் படலத்தைக் காட்டி, மேற்பூச்சு அவர் கண்டுபிடிப்பல்ல எனவும் மறுக்கலாம். மேற்பூச்சு என்ற எண்ணம் பொதுவானதுதான். மாவும் பாலும் சேர்ந்த அந்தப் பிரெஞ்சுச் சாறே அவர் பங்களிப்பு. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவ நோன்பு நாட்களில் கிரேக்கர் இறைச்சியையும் பாலையும் விலக்கி, கத்தரிக்காயை ஆலிவ் எண்ணெயில் சமைக்கிறார்கள். இந்த வெண்படலம் இல்லாமலே அங்கே கத்தரிச் சமையல் செழித்திருந்தது என்பதற்கு அந்த வழக்கம் துணைநிற்கிறது.

எனவே, புதுமை என்பதற்காக வெண்படலத்தைப் போலி என ஒதுக்குவது தவறு. அதைப் பண்டைய மரபாகக் காட்டுவதும் தவறு. ஒரு தலைமுறை ஏற்று, அடுத்த தலைமுறைக்குத் தாய்மார் கையளித்த கணத்தில் முசாக்கா கிரேக்கத்தின் சொந்த உணவாகிவிட்டது. தொன்மை இல்லை என்பதால் அந்த உரிமை குறைந்துவிடாது.