மர்மக்கதை வாசிச்சா இலக்கியம் கெட்டுப் போகுமா?

துப்பறியும் கதை, பேய்க்கதை, சாகசக் கதை எண்டா எங்கட பக்கம் ஒரு இளக்காரம் இருக்கு. "நேரம் போக்காட்டுற புத்தகம்" எண்டு ஒதுக்கிருவாங்க. ஆனா இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் சொல்லும் 'அசன்பேயுடைய கதை' முழுக்க முழுக்க ஒரு சாகசக் கதைதான்.

கண்டிச் சட்டத்தரணி சித்திலெப்பை அதை வெளியிட்டது 1885இல். 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. கெய்ரோவில் பெரிய இடத்துப் பிள்ளையொன்று கடத்தப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, கல்கத்தாவுக்குப் போய்ப் பிறகு எகிப்துக்குத் திரும்புகிறது.

ஏன் எகிப்து? 1882இல் பிரித்தானியப் படை அந்த நாட்டைப் பிடித்தது. எதிர்த்து நின்ற ஒராபி பாஷா நாடுகடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்திய சித்திலெப்பை அவரோடு பழகியவர். அதனால அந்த நாவலை வெறும் கற்பனைப் பயணமா எங்களால வாசிக்க ஏலாது. அண்டைய வாசகர் பத்திரிகையில் பார்த்த எகிப்துதான் கதைக்குள்ளும் வந்திருக்கு.

அந்த வரிசையில் இண்டைக்கு வாசிக்க ரெண்டு புத்தகம்.

அம்பையின் 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு'. மும்பையில் துப்பறியும் சுதா குப்தா குடும்பப் பெண்ணும்தான். துப்பாக்கி, துரத்தல் எல்லாம் தேடாதீங்க. வீட்டுக்குள்ள மனிசர் மறைக்கிறதைத்தான் அவ கண்டுபிடிக்கிறா.

அடுத்தது ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்தா'. 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஆங்கில நாவல். செத்துப்போன போர்ப் புகைப்படக்காரன் ஒருத்தன், தன்னைக் கொண்டது ஆரெண்டு ஏழு இரவுக்குள் தேடுறான். பேய்க்கதை, கொலைக்கதை ரெண்டும் ஒன்றாய். கதை நடக்கிற காலம் 1990ஐ ஒட்டியது. காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டு நிண்டவங்களைச் சுட்டதும் அதே 1990 ஆகஸ்டில்தான். "ஆர் கொண்டது, ஏன் கொண்டது" எண்ட கேள்வி இந்தக் கரையில வெறும் மர்மக்கதைக் கேள்வியில்ல. பகிடியும் கோபமும் கலந்து அதைக் கேட்க, ஒரு பேயின் குரல் அவருக்குத் தேவைப்பட்டிருக்கு.

ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான், நாலஞ்சு பேர் சேர்ந்து வாசிங்க. முதல்ல அம்பையை முடிச்சிட்டு வாங்க.