ஆஸ்திரேலியக் காவல்துறைப் புகார்ப் பதிவுகள்

ஆஸ்திரேலியாவில் காவலர்கள் மீதான புகார்களையும் வழக்குகளையும் பெயர்வாரியாக யாரும் பார்க்கும்படி வைத்திருக்கும் அரசுப் பதிவேடு கிடையாது. அமெரிக்காவிலோ நிலைமை வேறு: சிகாகோவில் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று புகார்க் கோப்புகளைத் திறந்துவிட்டது. நியூயார்க் 2020இல் அத்தகைய பதிவுகளை மறைத்துவந்த சட்டத்தையே நீக்கியது. ஆனால் சிட்னியிலும் மெல்பர்னிலும் ஆணைய அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, தகவல் கோரும் மனு என்று துண்டு துண்டாகத்தான் விவரம் சேர்க்க வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் காவல்துறையில் வேரோடியிருந்த ஊழலை நீதிபதி ஜேம்ஸ் உட் தலைமையிலான விசாரணை ஆணையம் (1994–97) அம்பலப்படுத்தியது. அப்போது பிறந்த காவல் நேர்மை ஆணையத்தின் இடத்துக்கு 2017 ஜூலையில் சட்ட அமலாக்க நடத்தை ஆணையம் வந்தது. விக்டோரியாவில் காவல்துறையைக் கண்காணிக்கும் பணி 'ஐபேக்' எனப்படும் ஊழல் தடுப்பு ஆணையத்துடையது. ஆனால் இரு மாநிலங்களிலும் பெரும்பாலான புகார்களை விசாரிப்பது காவல்துறையேதான். ஆணைய அறிக்கைகளில் அதிகாரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல வேளைகளில் ஒரு குறியீடுதான் இருக்கும். ஐபேக்கின் விசாரணை ஆவணங்களைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும் பெற முடியாது.

வழக்குகளிலோ பிரதிவாதியே மாறிவிட்டார். 1996இல் மெல்பர்னை அடுத்த சோமர்வில்லில், ஓட்டத் தகுதியற்ற கார் ஒன்றைச் சோதிப்பதாகச் சொல்லி, வாரண்ட் இல்லாமல் போலீசார் ஒரு வீட்டுக் கதவை உடைத்து நுழைந்தனர். 21 வயதுப் பெண் ஒருவரின் மூக்கு உடைந்தது. 2001இல் இழப்பீடு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது; மறு ஆண்டு மேல்முறையீட்டில், மாநில அரசு பொறுப்பல்ல, அதிகாரிகளே தர வேண்டும் என்று தீர்ப்பானது. அவர்களிடமிருந்து பணம் வரவில்லை. 2014இல் ஐ.நா. மனித உரிமைக் குழு ஆஸ்திரேலியாவைக் குறை கூறிய பிறகே காவல்துறை மன்னிப்புக் கேட்டது. இன்று இரு மாநிலச் சட்டங்களும் இத்தகைய வழக்கைப் பொதுவாக அரசின் மீதே தொடுக்கச் சொல்கின்றன. வழக்கில் வென்றால் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் உறுதி. வழக்கின் தலைப்பிலிருந்து காவலர் பெயர் மட்டும் மறைந்துவிடுகிறது. 2018 இசை விழா ஒன்றில் ஆடை களைந்து சோதிக்கப்பட்ட பெண்ணுக்கு 2025 செப்டம்பரில் 93,000 டாலர் வழங்கத் தீர்ப்பான வழக்கிலும் பிரதிவாதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலம்தான். சமரசத்தில் முடிபவை பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தங்கள். அவற்றின் தொகைகூட வெளியே வராது.

மெல்பர்னின் ஃபிளெமிங்டன் பகுதி வழக்கு இந்த ரகசியத்துக்கு விதிவிலக்கு. தங்களைக் காரணமின்றி அடிக்கடி நிறுத்தி விசாரிக்கிறார்கள் என்று ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் தொடுத்த வழக்கு அது. அதற்காகக் காவல்துறைத் தரவுத்தளத்தை மெல்பர்ன் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் இயன் கார்டன் ஆராய்ந்தார். அந்த இளைஞர்கள் நிறுத்தப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் இரண்டரை மடங்கு என்று தெரிந்தது. 2013 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டபோது, நிறுத்திக் கேட்கும் நடைமுறையையும் பயிற்சியையும் பொதுமக்கள் கருத்தோடு மறுபரிசீலனை செய்ய விக்டோரியா காவல்துறை ஒப்புக்கொண்டது.