கூரை இல்லாத படமாளிகை



படமாளிகை என்றதும் நான்கு சுவர், கூரை, வரிசையாக ஆசனங்கள் என்பனவே நம் நினைவுக்கு வரும். இவற்றுள் ஒன்றுமே இல்லாமல் படமாளிகை நடத்திய ஒருவரின் கதை இது. அவர் பெயர் றிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட். இடம், ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே கெம்டன் நகரை அடுத்த பென்சோக்கன்.

பெரும் பொருளாதார மந்தம் மக்களை வாட்டிய காலம் அது. மோட்டார் வண்டிகளுக்கான பொருட்களை விற்கும் தந்தையின் நிறுவனத்தில் ஹொலிங்ஸ்ஹெட் பணியாற்றினார். கையில் பணம் குறைந்தாலும் காரையும் சினிமாவையும் மக்கள் எளிதில் கைவிடமாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. இரண்டையும் ஒன்றாக இணைத்தால் என்ன?

தம் வீட்டு முற்றத்தையே அவர் பரிசோதனைக்கூடமாக்கினார். காரின் மேல் படம் காட்டும் கருவியை வைத்தார். மரங்களிலே திரையைக் கட்டினார். திரைக்குப் பின்னால் வானொலிப் பெட்டியை ஒலிக்கவிட்டார். மழை பெய்தால் என்னவாகும் என்றறிய, புல்லுக்கு நீர் தெளிக்கும் குழாயைக் கார்மீது திருப்பினார். முன்னிற்கும் கார் பின்னிற்கும் காரை மறைத்ததே பெரிய சிக்கல். முன் சக்கரங்களின் கீழ் கட்டைகளை அடுக்கி அதற்கும் வழி கண்டார். வளைந்த வரிசைகளாக மண்மேடு அமைத்து, காரின் முகத்தைச் சற்றே உயர்த்தி நிறுத்துவது என்ற அந்த ஏற்பாட்டுக்கு 1933 மே மாதத்தில் காப்புரிமையும் பெற்றார்.

அவ்வாண்டு ஜூன் 6ஆந் திகதி மாளிகை திறக்கப்பட்டது. ஏறத்தாழ 400 கார்களுக்கு இடமிருந்தது. காருக்கு 25 சதம், ஆளுக்கு 25 சதம். ஆட்கள் எத்தனை பேராயினும் ஒரு காருக்கு ஒரு டொலருக்கு மேல் இல்லை. அழும் குழந்தையோடும் குடும்பமாக வரலாம்.

ஆனால், புதிய படங்கள் எளிதிற் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுக்கு வாடகையும் அதிகம். திரையருகே வைத்த பெரிய ஒலிபெருக்கிகளின் ஓசை பின்வரிசைக்குத் தாமதித்தே எட்டியது. அயல்வீட்டாரின் காதுகளையோ அது சும்மா விடவில்லை. ஏறத்தாழ மூன்றே ஆண்டுகளில் மாளிகை மூடப்பட்டது.

மாளிகை மறைந்தாலும் எண்ணம் மறையவில்லை. காருக்குள்ளேயே வைக்கும் சிறிய ஒலிபெருக்கி 1940களில் வந்தது. போருக்குப் பின் காரும் பெருகிற்று, குழந்தைகளும் பெருகினர். 1950களின் இறுதியில் அந்நாட்டில் இத்தகைய திறந்தவெளி மாளிகைகள் 4000ஐ எட்டின.

அப்படியானால் காப்புரிமை பெற்றவர் பெருஞ்செல்வர் ஆகியிருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. வழக்கு மூண்டது. வளைவும் சரிவுமான இருக்கை வரிசை நாடக அரங்குகளில் முன்பே உள்ளதுதான். ஆசனம் இருந்த இடத்திலே காரை நிறுத்துவது புதுப்புனைவாகாது என்று 1949இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காப்புரிமை செல்லாதென்றாயிற்று.

பின்னர் தொலைக்காட்சியும் வீடியோவும் வந்தன. நகரங்கள் விரிந்து நிலத்தின் விலையும் ஏறியது. ஆயிரக்கணக்கான திரைகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சரிந்தன. ஹொலிங்ஸ்ஹெட் 1975இல் காலமானார்.

நீதிமன்றம் கூறியதும் உண்மையே. சரிவான தரை பழையது, காரும் பழையது, திரையும் பழையது. ஆனாலும் அவற்றை ஒன்றாய்ச் சேர்த்துப் பார்க்க ஒரு மனிதர் தம் வீட்டு முற்றத்திலே, தாமே வரவழைத்த மழையில், காருக்குள் அமர்ந்திருக்க வேண்டியிருந்ததே! அந்த இரவுகளுக்கு எந்தச் சட்டத்தில் உரிமை எழுதுவது, நேயர்களே?