அரங்கும் எழினியும்

இன்று நாம் மேடை, திரை என்று சொல்லுகின்றவற்றை நம் முன்னோர் அரங்கு, எழினி என வழங்கினர்.

அரங்கின் இலக்கணத்தைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் காணலாம். 24 விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் அரங்கின் அகலம் 7, நீளம் 8, உயரம் 1. அரங்கின் பலகைக்கும் மேலுள்ள உத்தரப் பலகைக்கும் இடைவெளி 4 கோல். புகவும் போகவும் இரு வாயில்கள் உண்டு. மேல்நிலையில் யாவரும் தொழுமாறு பூதங்களின் உருவை எழுதி வைத்தனர். தூணின் நிழல் ஆடலை மறையாதபடி விளக்குகளை நிறுத்தினர்.

எழினி மூவகைப்படும். ஒருபுறமிருந்து இழுக்கப்பெறுவது ஒருமுக எழினி. இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது பொருமுக எழினி. மேலே மறைந்திருந்து இறங்குவது கரந்துவரல் எழினி.

இக்கலையைத் திருக்கோயில்கள் பேணி வளர்த்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளித்த செய்தியை, 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு கூறுகிறது.

எழினி மறைப்பது, உரிய வேளையில் காட்டுதற்கே. ஐந்தொழிலுள் மறைத்தலை அடுத்து அருளல் நிற்பதும் அவ்வாறே ஆம். தில்லைச் சிற்றம்பலத்தில் திரை விலகும்போது பொன் வில்வ மாலையைக் கண்டு கைகுவிக்கிறோம். நம்மை மறைக்கும் திரை ஆணவம். அதனை விலக்கியருளுமாறு ஆடல்வல்லானை வேண்டுவோமாக!